எண்ணூரில் விட்டுவந்த காய்ச்சல்

அத்தா,

உங்கள் கம்பளி ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருக்கிறது. சாம்பல் நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு. சோப்புப் போட்டு அலசிவிட்டேன். ஆனாலும் வெயில் ஏற ஏறக் கற்பூரத் தைலத்தின் நெடியும், அதற்கு அடியில் பழைய வேர்வையின் புளிப்பும் எழுந்து வருகின்றன. காய்ச்சல் பிடித்த உடம்பின் வாடை அது. எனக்கு நன்றாகத் தெரியும். என் தலையணையில் எத்தனையோ முறை அதை முகர்ந்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் முகர்ந்ததே இல்லை. நம் வீட்டில் உங்களுக்கு ஒரு நாளும் காய்ச்சல் வந்ததில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை சவரி மாமா கொண்டுவந்து கொடுத்தார். துறைமுகத்தில் உங்களோடு கிரேன் ஓட்டிய அதே சவரி மாமாதான். அவருடைய எண்ணூர் வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்களாம். பரணை ஒழித்தபோது அகப்பட்டதாம். பிளாஸ்டிக் பையிலிருந்து உருவி, "இது உங்கத்தாவோடதும்மா. தூக்கிப் போட மனசு வர்ல" என்றார். அம்மா அறை வாசலில் நின்று பார்த்தாளே தவிர, கையில் வாங்கவில்லை. டீ குடித்துவிட்டுச் செருப்பை மாட்டும்போது சவரி மாமா ஒன்று சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் இறந்துபோய் இரண்டு ரமலான் கடந்துவிட்டது. இதுவரை தோன்றியதில்லை.

அதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் செய்தது ஒரு வரியில் முடிந்துவிடும். அப்படி முடிய விடமாட்டேன். ஆரம்பத்திலிருந்து கேளுங்கள்.

எனக்கு முதல் காய்ச்சல் நான்காம் வகுப்பில் வந்தது. காலையில் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டு நின்றவள், மதியத்துக்குள் பாயில் சுருண்டுவிட்டேன். வயிறு பலகை மாதிரி இறுகிப்போனது. மூச்சை இழுத்தால் இடது விலாவில் குத்தியது. இரண்டு நாள் அப்படிக் கிடந்துவிட்டு மூன்றாம் நாள் எழுந்து இட்லி கேட்டேன். எதுவுமே நடக்காதது போல உடம்பு லேசாக இருந்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை வரும், சில சமயம் கொஞ்சம் தள்ளி வரும். டாக்டரிடம் போய், ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வாங்குவதற்குள் இறங்கிவிடும். டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்புவார்கள். ஒருமுறை பரீட்சையன்று வந்தது. அதோடு எனக்குப் பெயர் நிலைத்துவிட்டது. "இந்தப் பொண்ணு வயித்து வலிக்கு டைம்டேபிள் போட்டு வெச்சிருக்கு" என்று டீச்சர் சொல்ல, வகுப்பே சிரித்தது.

அப்போதெல்லாம் என்னை நம்பியவர் நீங்கள் ஒருவர்தான். பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்வீர்கள். எங்கே வலிக்கிறது என்று நான் வாய் திறப்பதற்குள் உங்கள் கை சரியாக என் இடது விலாவில் வந்து அமரும். "படுத்துக்கோ புள்ள. ரெண்டு நாள்ல போய்டும்" என்பீர்கள். சொன்ன மாதிரியே போய்விடும். டாக்டருக்குத் தெரியாதது என் அத்தாவுக்குத் தெரிகிறதே என்று எனக்குப் பெருமையாக இருக்கும். பாசம் இருந்தால் இப்படித்தான் தெரியுமோ என்று நினைத்துக்கொள்வேன்.

பத்தாம் வகுப்பில் வலி தாங்க முடியாமல் நான் அலறியபோது நர்சிங் ஹோமுக்குத் தூக்கிப்போனீர்கள். குடல்வால் என்று சொல்லி வயிற்றைத் திறந்தார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டபுள் டூட்டி இருக்கிறது என்று கிளம்பிவிட்டீர்களாம். எனக்கு மயக்கம் தெளிந்தபோது அம்மா மட்டும் இருந்தாள். தையல் காய்ந்து சில வாரங்களில் மறுபடியும் அதே காய்ச்சல், அதே விலா. எடுத்த குடல்வாலில் நோய் எதுவும் இல்லை என்று டாக்டர் அம்மாவிடம் ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணுக்கு மனசுல ஏதோ இருக்கு. விசாரிச்சுப் பாருங்க" என்றார்.

அம்மாவுக்கு விசாரிக்க வேறு விஷயம் இருந்தது. உங்கள் டபுள் டூட்டி. இரண்டு மூன்று நாள் வீட்டுக்கு வரமாட்டீர்கள். வரும்போது கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருக்கும். கல்மண்டபத்தில் கறிக்கடைக்கு வந்த ஒருவர், நீங்கள் கும்மிடிப்பூண்டி வண்டியில் போய் எண்ணூரில் இறங்குவதைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டார். அங்கே உங்களுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று அம்மா முடிவுகட்டினாள். அன்றிலிருந்து நம் வீட்டில் அவள் பெயர் எண்ணூர்க்காரி. "போ, அவ வூட்லயே சோறு துன்னு. இன்னாத்துக்கு இங்க வர்ற?" என்று அம்மா தட்டைத் தரையில் வைப்பாள். நீங்கள் குனிந்து சாப்பிடுவீர்கள். ஒருநாள்கூட இல்லை என்று மறுத்ததில்லை. மறுக்காததால் நானும் நம்பினேன். யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணை நானும் அம்மாவோடு சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

பிறகு என் கல்யாணம். தண்டையார்பேட்டைக் குடும்பம், சொந்தத்தில் பாத்திரக் கடை. கையில் மருதாணி மங்குவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. அடுத்த மாதமும் வந்தது. வேலைக்குப் பயந்து படுக்கிறாள் என்றார் மாமியார். நோயை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்றார் மாமனார். இரண்டில் எது என்று தீர்க்கத்தான் பெரியவர்கள் கூடினார்கள். நீங்கள் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த காலம் அது.

அந்தக் கூடத்தை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ஆண்கள் முன்னால் நாற்காலியில் இருந்தார்கள். நானும் அம்மாவும் உள் அறையில் திரைக்குப் பின்னால் இருந்தோம். என் கணவரின் பெரியத்தா மரியாதையாகத்தான் கேட்டார்: "மறைக்காம சொல்லுங்க பாய். உங்க பரம்பரையில யாருக்காச்சும் இந்த மாதிரி உண்டா? உண்டுன்னா வைத்தியம் பாத்துக்கலாம். பொண்ண அனுப்பணும்னு அவசியமில்ல."

உங்கள் குரல் கேட்டது. "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லீங்க."

"அப்போ நடிப்புதான்" என்றார் இன்னொருவர். நீங்கள் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றே என் பெட்டி வந்துவிட்டது. ஆட்டோவில் என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "போறான் விடு. என் பொண்ணு என் வூட்ல ராணி மாதிரி இருக்கட்டும்" என்றீர்கள். உங்கள் சட்டை நனையும்வரை அழுதேன். உலகமே பொய்க்காரி என்று சொன்னாலும் அத்தா என் பக்கம் இருக்கிறார் என்று நினைத்தேன். அந்தத் தோளை நினைத்தால் இன்றும் என் கழுத்து கூசுகிறது.

அதன்பிறகு திருவொற்றியூரில் ஒரு சரக்குப்பெட்டகக் கிடங்கில் பில் போடும் வேலைக்குப் போனேன். காய்ச்சலுக்கு லீவு எடுத்தால் அங்கேயும் அதே சிரிப்புத்தான். வருடங்கள் ஓடின. உங்கள் கால் வீங்கியது. முகம் உப்பியது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரில் புரதம் கொட்டுகிறது என்றார்கள். கிட்னியிலிருந்து ஊசியில் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று ஒரு டாக்டரம்மா உங்கள் கட்டிலோரம் வந்து நின்றார். என்னைவிடச் சின்னப் பெண். உங்களுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த நான் சற்று நகர்ந்து நின்றேன்.

"ஐயா, சின்ன வயசுல அடிக்கடி காய்ச்சல் வருமா? கூடவே வயித்து வலி, நெஞ்சுல வலி?"

நீங்கள் மின்விசிறியைப் பார்த்தீர்கள். "வரும்."

"எத்தன நாள் இருக்கும்?"

"ரெண்டு நாள், மூணு நாள். தானா போய்டும். வயசானப்புறம் வர்றதே கொறஞ்சுபோச்சு."

"எப்போ ஆரம்பிச்சுது?"

"பள்ளிக்கூடம் போற வயசுலயே."

ஒவ்வொரு கேள்விக்கும் தயங்காமல் பதில் சொன்னீர்கள். எந்தப் பக்கம் வலிக்கும் என்று அவர் கேட்டபோது உங்கள் கை உங்கள் இடது விலாவுக்குப் போனது. என் கையில் கஞ்சி டம்ளர் அப்படியே இருந்தது. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் வருமா?" என்றார். தலையாட்டினேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

என் ரத்தத்தையும் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்து விளக்கினார்.

"நம்ம ரத்தத்துல காவலுக்குன்னே சில செல்லுங்க இருக்கு. கிருமி நுழைஞ்சா அதுக்குள்ள ஒரு புரதம் ரெண்டா வெட்டுப்படும். அந்தத் துண்டுங்க செல்லோட மேல்தோலுக்குப் போய், வட்டமா கை கோத்து நின்னு ஓட்டை போடும். ஒரு ஓட்டை இல்ல, எக்கச்சக்கமா. அது வழியா 'ஆபத்து'ன்னு மத்த செல்லுங்களுக்குச் சொல்ற பொருள் வெளிய கொட்டும். தண்ணி உள்ள பூந்து, செல் உப்பி வெடிச்சுடும். தான் செத்து மத்தவங்கள எழுப்பி விடுது. அதனாலதான் காய்ச்சல், வீக்கம், வலி எல்லாம். கிருமி இருக்கும்போது இது நடக்கலன்னா நாம பொழைக்கவே முடியாது."

"கிருமி இல்லாதப்போ நடந்தா?"

"உங்க வீட்ல அதுதான் நடக்குது. இந்த வேலை ஆரம்பிக்கிற எடத்துல ஒரு பூட்டு இருக்கணும். உங்களுக்கும் அப்பாவுக்கும் பொறக்கும்போதே அந்தப் பூட்டு லூசு. காரணமே இல்லாம தொறந்துக்கும், அப்புறம் தானா அடங்கும். அதனாலதான் டெஸ்ட் எடுக்கறதுக்குள்ள எல்லாம் சரியாயிடுது."

அம்மா உங்களுக்கு மாமன் மகள் என்று சொன்னேன். அம்மாவுக்குக் காய்ச்சல் வராவிட்டாலும் பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்கு வந்திருக்கிறது என்றார். ஒவ்வொரு காய்ச்சலிலும் ஈரல் சுரக்கிற இன்னொரு புரதம் வருடக் கணக்கில் உங்கள் கிட்னியில் படிந்துவிட்டது என்றும் சொன்னார். மருந்து இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு. செங்காந்தள் விதையிலருந்து எடுக்கற ரொம்பப் பழைய மாத்திரை. அந்தச் செடிய நம்ம மாநிலத்துலயே பயிர் பண்றாங்க. தெனமும் சாப்பிடணும், அளவு மட்டும் தாண்டக் கூடாது. உங்களுக்கு நிச்சயம் கேக்கும்னு நெனக்கிறேன். அப்பாவுக்கு ஆரம்பத்துலயே குடுத்திருந்தா கிட்னி போயிருக்காது. உங்க வயித்தையும் யாரும் தொறந்திருக்க மாட்டாங்க." கோப்பை மூடிவிட்டு, "இத கண்டுபிடிக்கறதுக்குப் பெரிய கருவியெல்லாம் வேணாம். வீட்ல வேற யாருக்கு இருக்குன்னு ஒருத்தர் வாயத் தொறந்து சொன்னாலே பாதி வேலை முடிஞ்சுடும்" என்றார்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான் அத்தா. நான் பொய்க்காரி இல்லை. என் உடம்புக்குள் நிஜமாகவே ஏதோ வெடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்கிய இடத்தில்தான் தண்டையார்பேட்டைக் கூடமும், "யாருக்கும் இல்லீங்க" என்ற உங்கள் குரலும் வந்து நின்றன.

வார்டுக்கு வந்து கேட்டேன். அம்மாவும் இருந்தாள். எண்ணூரில் சவரி மாமா வீட்டு மாடி அறையில்தான் காய்ச்சலோடு கிடப்பீர்கள் என்று அப்போதுதான் சொன்னீர்கள்.

"காய்ச்சக்காரன்னு தெரிஞ்சா கிரேன்ல ஏத்த மாட்டாம்மா. ஃபிட்னெஸ்ல தள்ளிட்டு, கீழ மூட்டை தூக்க அனுப்பிடுவான். வூட்ல தெரிஞ்சா வெளிய தெரியாம இருக்குமா?"

"எண்ணூர்ல யாருமே இல்லியா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல."

"ஒருத்திகூட?"

"இல்லடி."

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ இத்தினி வருசம் நான் யார்கூட சண்ட போட்டுகினு இருந்தேன்?" என்றாள். "அவ இருந்திருந்தாகூட ஒரு நாளு போய் நாக்கப் புடுங்கறா மாதிரி நாலு வார்த்த கேட்டுட்டு வந்திருப்பேன். இல்லாதவள நெனச்சு என் வயசே போச்சே." வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்து, பார்க்க வந்த ஜனமெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

நான் நகரவில்லை. "தண்டையார்பேட்டைல அவங்க கேட்டப்போ நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க அத்தா. எந்தக் கிரேனும் இல்ல. அப்போ ஏன் சொல்லல?"

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். "அத்தினி வருசம் மறச்சத அத்தினி பேரு முன்னாடி எப்டிம்மா சொல்றது? உங்கம்மா வேற உள்ள ஒக்காந்துகினு கீறா" என்றீர்கள்.

அவ்வளவுதான் காரணம். பெண் சகவாசம் உள்ளவர் என்ற பேரை உங்களால் சுமக்க முடிந்தது. நோயாளி என்ற பேரைத்தான் சுமக்க முடியவில்லை. உங்கள் கௌரவம் கெடாமல் இருக்க, பொய்க்காரி என்ற பேரோடு என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள்.

மாத்திரை எனக்குக் கேட்டது. முதல் முறையாக ஒரு மாதம் முழுதும் காய்ச்சல் இல்லாமல் கழிந்தது. அடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு நல்ல நாளும் எனக்கு ஆத்திரத்தைத்தான் கொடுத்தது. இப்படி எத்தனை நாட்கள் எனக்கு இருந்திருக்கும்! உங்களை டயாலிசிஸ் கூட்டிப்போனேன், குளிப்பாட்டினேன், உப்பில்லாமல் சமைத்துக் கொடுத்தேன். நீங்கள் தினமும் ஒன்று மட்டும் கேட்பீர்கள்: "மாத்திர போட்டியா புள்ள?" "ம்" என்பேன். அதற்குமேல் நமக்குள் பேச்சில்லை. மன்னிப்புக் கேட்பீர்களோ என்று கடைசிவரை காத்திருந்தேன். கேட்காமலே போய்விட்டீர்கள். ஜனாஸாவைத் தூக்கியபோது அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

இருந்தாலும் எனக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். தன் காய்ச்சல் வேறு, மகள் காய்ச்சல் வேறு என்று நினைத்திருப்பார், ரத்தத்தில் இறங்கி வரும் என்று கிரேன் ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உங்கள் வீங்கிய காலை மடியில் வைத்துத் துடைத்ததெல்லாம் அந்த நம்பிக்கையில்தான்.

சவரி மாமா சொன்னது இதுதான்:

"உங்கத்தா உன் மேல உசுர வெச்சிருந்தான் தெரியுமா? உனுக்கு ஆப்பரேசன் பண்ணாங்களே, அன்னிக்கு இதே கம்பளிக்குள்ளதான் சுருண்டுகினு கெடந்தான். காய்ச்ச ஒரு பக்கம், அழுவ ஒரு பக்கம். 'அது குடல்வால் இல்ல சவரி, என்னுதுதான் அவளுக்கு வந்துகீது. ஒண்ணியும் இல்லாத வயித்த அறுக்கறானுங்க'ன்னு பொலம்புனான். 'போய் டாக்டராண்ட சொல்லுய்யா'ன்னேன். கம்பளிய மூஞ்சி மேல இழுத்துகினான்."

உங்கள் பாசத்துக்குச் சாட்சியாகத்தான் அதைச் சொன்னார், பாவம். சொல்லிவிட்டு என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

ஆக, உங்களுக்குத் தெரிந்திருந்தது. கத்தி என் வயிற்றில் இறங்கும்போதே தெரிந்திருந்தது. எனக்கு மிச்சமிருந்த ஒரே சமாதானமும் போய்விட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். என்னிடம் வந்து, "உன் வயித்து மேல கத்தி வெச்சப்போகூடவா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். பிறகு கம்பளியை எடுத்துப்போய்த் தண்ணீர் பக்கெட்டில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூருக்குப் போனேன், உங்கள் தங்கை வீட்டுக்கு. மாமியின் பேத்தி நஸ்ரினுக்கு இப்போது எட்டு வயது. அவளுக்கும் வயிறு பலகையாகிறது. நம் குடும்பத்தில் கொண்டதும் கொடுத்ததும் எல்லாம் உள்ளுக்குள்ளேயேதானே. டாக்டரிடம் காட்டுங்கள் என்று உங்கள் கிட்னி போன நாளிலிருந்து சொல்லிவருகிறேன். மாமி காதில் வாங்குவதில்லை. அன்றும் நஸ்ரின் பாயில் சுருண்டு கிடந்தாள்.

"பெரிய பேத்திக்கு மாப்ள பாத்துகினு கீறோம். இப்போ போய் பரம்பர நோவுன்னு பேச்சக் கெளப்பாத" என்றார் மாமி.

நான் உட்காரவில்லை. எனக்கு இந்த நோய் இருக்கிறது, அத்தாவுக்கும் இருந்தது, எண்ணூரில் ஒளிந்து கிடந்தார், தண்டையார்பேட்டையில் பொய் சொன்னார் என்று எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"மவுத்தான மனுசன் மானத்த வாங்கறியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா?" என்று மாமி கத்தினார். மாமியின் மருமகள் உள்ளே போய், நஸ்ரினுக்குச் செருப்பு மாட்டி, என் கையில் பிடித்துக் கொடுத்தாள். மாமி என்னோடு இனிப் பேசமாட்டார். இந்நேரம் சொந்தத்தில் பாதிப்பேருக்கு உங்கள் விஷயம் போயிருக்கும். அதற்காக நான் வருந்தவில்லை.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது அந்தப் பழுது. தினமும் காலையில் ஒரு மாத்திரையோடு அதைச் சுமக்கிறேன். வயிற்றுத் தழும்பும் இருக்கிறது. உங்கள் மேல் இருக்கிற கோபமும் அப்படியே இருக்கிறது. மருந்தில் அடங்குகிற வகையில்லை அது. விலாவில் வந்து அமர்ந்த உங்கள் கையையும் என்னால் மறக்க முடியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பேஜார்.

ஆஸ்பத்திரி வரிசையில் நஸ்ரின் என் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு கொதித்தது. "ஸ்கூல்ல நான் பொய் சொல்றேங்கறாங்க பெரியம்மா" என்றாள்.

"எனக்கும் இப்படித்தான் வரும். எனக்கும் வயிறு கல்லு மாதிரி ஆயிடும்."

அவள் நிமிர்ந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "நெசமா?"

"நெசமா."

"அப்போ நான் பொய் சொல்லல."

"இல்லம்மா. நீ பொய் சொல்லல."

அவ்வளவுதான் அத்தா. அதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.